ஒரு வில்லுக்கத்தியின் விலை

ஒரு வில்லுக்கத்திக்கு 400 அமெரிக்க டொலருக்கு மேல் கொடுக்கலாமா? இலங்கைப் பணத்தில் சொன்னால் ஒரு இலட்சத்து இருபதினாயிரம் ரூபாவைத் தாண்டுகின்ற தொகை. கொழும்பில் ஓய்வுபெற்று இருக்கின்ற பத்திரிகையாளன் ஒருவனிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்பதே ஒருவகைக் கேலி. ஆனால் கேட்டவன் என் தம்பியின் மகன். அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. ரொறன்ரோவில் வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்யும் வேலை பார்க்கிறான். வாங்கவேண்டும் என்பது அவன் விருப்பம். "இவருக்கு விசர் பிடிச்சிட்டுது" என்பது அவன் மனைவியின் நிலைப்பாடு. இரு தரப்பும் இணங்கி என்னை நடுவராக நியமித்திருந்தார்கள். நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற மூடநம்பிக்கை எங்கள் குடும்பத்தில் இன்னும் அழியவில்லை.

வில்லுக்கத்தி என்பது எங்கள் ஊர்ச் சொல். தமிழக வாசகர்கள் பேனாக்கத்தி என்பார்கள், மடக்குக்கத்தி என்பார்கள். மை தொட்டு எழுதும் இறகின் முனையைச் சீவுவதற்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. நம்மவர்கள் இறகில் எழுதவில்லை. அவர்கள் கண்டது, முதுகுப்புறத்தில் ஒரு வில் இருந்து அலகை இழுத்துப் பிடிப்பதை. திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று கேட்கின்ற சத்தத்துக்கு அந்த வில்தான் காரணம். பெயர் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

பெறாமகன் வாங்க விரும்புவது செபென்சா என்ற கத்தி. செபென்சா என்பது சூலு மொழியில் வேலை என்று பொருள்படும். இதை உருவாக்கிய கிறிஸ் றீவ் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரைச் சேர்ந்தவர். 1989இல் அமெரிக்காவில் இடாஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே பொய்சி நகரில் பட்டறை வைத்து, 1990களின் தொடக்கத்தில் இந்தக் கத்தியை வெளியிட்டார். புலம்பெயர்ந்து போன ஒருவர் தான் விட்டுவந்த மண்ணின் மொழியில் தன் கைப்பொருளுக்குப் பெயர் வைத்தார் என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. கத்தியைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லவேண்டும் என்றால் இதை முதலில் சொல்வேன். ஆனால் பெயருக்காக 400 டொலர் கொடுக்க முடியாது.

பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பிடி இரண்டு தைத்தேனியத் தகடுகளால் ஆனது. ஒரு பக்கத் தகட்டிலே நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டி, வெட்டுப்பட்ட பகுதி வில்போல உட்பக்கம் சாய்ந்து, திறந்த அலகின் அடியில் முட்டி நிற்கும்படி செய்திருக்கிறார்கள். பூட்டுக்கென்று தனியாக ஒரு பாகமும் இல்லை. பிடியே பூட்டு. நாம் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கப் பூட்டும் இறுகும். இந்த ஏற்பாட்டைப் பரவச் செய்தவர் றீவ்தான். இன்றைக்கு இருபது, முப்பது டொலருக்குச் சீனாவிலிருந்து வருகின்ற கத்திகளிலும் அதே பூட்டைக் காணலாம். வேறுபாடு பொருத்தத்தில் இருக்கிறது. அலகு சுழலும் அச்சாணியும் அதைச் சுற்றியுள்ள உறையும் மயிரிழை பிசகாமல் கடையப்பட்டிருப்பதால், திருகாணியை முழுவதும் இறுக்கினாலும் அலகு இலகுவாகத் திறக்கும், பக்கவாட்டில் ஆடாது. கழற்றிக் கழுவி மறுபடி பூட்டுவதற்கு வேண்டிய சாவியையும் பெட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். தேய்ந்துபோனால் செய்த இடத்துக்கே அனுப்பித் திருத்திக்கொள்ளலாம். உடைந்தால் எறி, புதியது வாங்கு என்ற காலத்தில் இது சிறிய விடயமல்ல.

இத்தனையும் உண்மை. ஆனால் இவற்றில் ஒன்றேனும் வெட்டுவதோடு சம்பந்தப்பட்டதல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு கத்தி நன்றாக வெட்டுவதும் வெட்டாததும் முதலில் அதன் தடிப்பைப் பொறுத்தது. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி இன்றும் அதே வடிவில் வருகிறது. பீச் மரப்பிடி, ஓர் அலகு. 1955இல் அதற்கு ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். அதன் 8ஆம் இலக்கக் கத்தி இருபது டொலர் அளவில் கிடைக்கும். அந்த அலகு முதுகிலேயே இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புடையது. செபென்சாவில் அது மூன்று மில்லிமீற்றர் வரும். இரண்டையும் கூராக்கி ஒரு தடித்த கரட்டை வெட்டிப் பாருங்கள். ஒபினெல் சத்தமில்லாமல் இறங்கும். தடித்த அலகோ பாதி தூரம் வெட்டி, மீதியை ஆப்புப்போலப் பிளக்கும். செபென்சாவின் அலகை இரு பக்கமும் உட்குழிவாகத் தேய்த்திருப்பதால் வாய்ப்பக்கம் மெல்லியதுதான். கயிறும் கடதாசி மட்டையும் வெட்டுகின்றவனுக்கு வேறுபாடு தெரியாது. தெரியுமிடம் சமையலறை. மாங்காய் வெட்டுவதற்குத்தான் கத்தி வேண்டும் என்றால் தீர்ப்பை இந்தப் பந்தியோடு எழுதி முடித்துவிடலாம்.

அடுத்தது உருக்கு. கத்திப் பிரியர்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாதகம் பார்க்கிறவர்களைப் போலப் பேசுவார்கள். எட்டாமிடத்தில் வனேடியம், பத்தாமிடத்தில் குரோமியம். 2001இல் அமெரிக்காவில் குறூசிபிள் என்ற உருக்கு ஆலை கத்திகளுக்கென்றே ஒரு புதிய உருக்கை வெளியிட்டது. அதை உருவாக்கும்போது ஆலோசனை சொன்னவர்களில் கிறிஸ் றீவும் ஒருவர். உருகிய உலோகத்தை நுண்பொடியாக்கி, அந்தப் பொடியைப் பெரும் அழுத்தத்தில் ஒன்றாக்கிச் செய்யும் முறை அது. நூற்றுக்கு நான்கு பங்கு வனேடியம். வனேடியமும் காபனும் சேர்ந்து மிகக் கடினமான நுண்துகள்களாக அலகுக்குள் பரவியிருப்பதால் கூர் நெடுநாள் நிற்கும். 2021இல் லாரின் தோமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்த மாக்னாகட் என்ற உருக்கு வந்தது. அது துருவுக்கு இன்னும் நன்றாக ஈடுகொடுக்கும். பெறாமகன் கேட்பது அந்த உருக்கில் செய்த கத்தியை.

கூர் நெடுநாள் நிற்கும் என்பதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. மழுங்கிய பின் அதைத் திரும்பக் கூராக்குவதும் நெடுவேலை. வனேடியத் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை. வைரத்தூள் பதித்த கல் இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். அந்தக் கல்லின் விலையையும் கத்தியின் விலையோடு கூட்டவேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு மாதமொரு முறை சைக்கிளில் வருகின்ற சாணைக்காரரிடம் இப்படியான ஒன்றைக் கொடுத்தால் என்ன நடக்கும்? சக்கரம் சுழலும், தீப்பொறி பறக்கும், பார்க்க அழகாக இருக்கும். தண்ணீர் இல்லாமல் சுழல்கின்ற சக்கரத்தில் கத்திவாய் சூடேறி நீலம்பாரித்தால் அந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். 400 டொலர் கத்தி ஐந்து நிமிடத்தில் நாற்பது ரூபாக் கத்தியாகிவிடும்.

சுவிஸ் நாட்டு விக்டோரினொக்ஸ்காரர்கள் இந்த விடயத்தில் எதிர்த்திசையில் நடந்தவர்கள். கார்ல் எல்ஸ்னர் என்பவர் 1884இல் ஷ்விஸ் மாநிலத்தின் ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை அது. 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார்கள். 1897இல் இன்று உலகமெல்லாம் தெரிந்த அந்தப் பல அலகுக் கத்தி வந்தது. 1909இல் எல்ஸ்னரின் தாயார் விக்டோரியா காலமானபின் அவர் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார்கள். 1921இல் துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்ற சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது. அவர்களது உருக்கு வேண்டுமென்றே சற்று மென்மையானது. கத்தி விரைவில் மழுங்கும். ஆனால் எதில் தீட்டினாலும் கூராகும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வட்டத்தில் பத்து இழுப்பு இழுத்தாற்போதும். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் மனைவிக்குத் தெரியாத கோப்பையைத் தெரிவு செய்யவும்.

சுவிஸ் கத்தி என்றதும் ஒன்று சொல்லாமல் போகமுடியாது. சுவிற்சர்லாந்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வருகின்ற நம்மவர்கள் சொக்லேற்றோடு இந்தச் சிவப்புக் கத்தியையும் கொண்டுவருவது எழுதாத சட்டம். சொக்லேற் அன்றிரவே முடிந்துவிடும். கத்தி, பெட்டியோடு கண்ணாடி அலுமாரிக்குள் போய், பிள்ளைகளின் வெற்றிக் கேடயங்களுக்கும் பிளாஸ்ரிக் பூச்சாடிக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கும். வெங்காயத்தை வெட்டுவது பிடி கழன்ற பழைய கத்திதான். எங்கள் வீடுகளில் நல்ல பொருள் என்பதற்கு வரைவிலக்கணமே பாவிக்காத பொருள் என்பதுதான். விலையுயர்ந்த கத்தி வாங்கலாமா என்று ஆராய்கிற தமிழர் எவரும் இதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும்.

கொழும்பின் காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஒரு நண்பர் தந்த ஒபினெல் என்னிடம் சில காலம் இருந்தது. காபன் உருக்கு. முதல்நாள் மாங்காய் வெட்டியதும் அலகு கறுத்தது. மாங்காயும் இரும்பு மணத்தது. அது பரவாயில்லை, கறுப்பு ஏறஏறத் துரு குறையும். ஒக்ரோபர் மழை தொடங்கியபின் மரப்பிடி ஈரத்தில் ஊதி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நகத்தால் இழுத்தால் நகம்தான் வந்தது. பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப்பார்க்கும், அதைப் பிடித்து இழுக்கலாம். சவோய் மலைக்காரர் கண்டுபிடித்த வித்தை இது. மலைக்காரருக்கு எப்போதாவது தேவைப்படுவது எனக்கு ஒக்ரோபரிலிருந்து டிசம்பர்வரை தினமும் தேவைப்பட்டது.

இவ்வளவையும் தொலைபேசியில் பெறாமகனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "எல்லாம் சரி பெரியப்பா. எனக்கு உதெல்லாம் தெரியும்" என்றான். அவனுக்குத் தெரியாததைச் சொல்லிவிட்டதாக நான் எண்ணியிருந்தது என் பக்கத்துக் கதை.

பிறகு அவன் மனைவி பேசினாள். அவளிடம் வாதம் இருந்தது. வெறும் கோபம் அல்ல. "மாமா, காசு மட்டும் இல்லைப் பிரச்சினை. இவர் ரெண்டு வருசத்தில மூண்டு கத்தி துலைச்சவர். ஒண்டு ஆரோ வீட்டுக் கூரைக்குள்ள கிடக்கு. ஒண்டு உடுப்பு மெசினுக்குள்ள போய் மெசினையும் கெடுத்தது. இதைத் துலைச்சா நித்திரை கொள்ளமாட்டார். துலைக்கக் கூடாதெண்டு வீட்டில வைச்சாரெண்டா பிறகேன் வாங்குவான்?" நான் ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் இவ்வளவு சுருக்கமாகத் தலையங்கம் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டொருவர்தான் இருந்தார்கள்.

அவள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. கத்தி என்பது இரவல் கேட்கப்படுகின்ற பொருள். பேனா, தீப்பெட்டி, கத்தி மூன்றுக்கும் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. வாங்கியவர் அதன் நுனியால் பெயின்ற் ரின்னின் மூடியை நெம்புவார். திருகாணி கழற்றுவார். இருபது டொலர்க் கத்தி என்றால் சிரித்துக்கொண்டு கொடுக்கலாம். 400 டொலர்க் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "என்னிடம் கத்தி இல்லை" என்று சொல்கின்ற நிலை ஒருவனுக்கு வருமானால் அது வெட்கம்.

இதற்கு மாறாகச் சொல்லப்படும் வாதம், இந்தக் கத்தியைத் திரும்ப விற்றால் போட்ட பணத்தில் பெரும்பகுதி கிடைக்கும் என்பது. உண்மைதான், செபென்சாவுக்குப் பழைய விலை நன்றாக நிற்கிறது. ஆனால் கீறல் விழாமல் இருந்தால்தான் நிற்கும். விற்பதற்காக வாங்குகின்ற கத்தியால் எவன் வெட்டுவான்? அது கத்தி வடிவத்தில் இருக்கின்ற வைப்புப்பணம். வங்கியில் போட்டால் வட்டியாவது வரும்.

சட்டத்தையும் விசாரித்துப் பார்க்கச் சொன்னேன். கனடாவில், உதறினாலோ சாய்த்தாலோ தானாகத் திறந்துகொள்கிற கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். வெளிநாட்டிலிருந்து தருவித்த மடக்குக்கத்திகளைச் சுங்கத்தினர் உதறிப் பார்த்துப் பறிமுதல் செய்ததுண்டு. ஆகவே உள்ளூர்க் கடையில் வாங்குவதே புத்தி. பிரித்தானியாவில் இருக்கும் வாசகர்களுக்குச் சட்டம் இன்னும் இறுக்கம். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் கொண்டு திரியலாம். அலகு பூட்டிக்கொள்கின்ற கத்திக்கு அந்தச் சலுகை இல்லை என்று நீதிமன்றங்கள் தீர்த்துவிட்டன. இலண்டனில் செபென்சாவைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவர், பொலிசார் மறித்தால் தக்க காரணம் சொல்லவேண்டியிருக்கும்.

பொலிசார், காரணம் என்று எழுதியதும் பழைய காலம் நினைவுக்கு வருகிறது.

ஈய அச்செழுத்துக் காலத்தில் பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் வில்லுக்கத்தி இல்லாத மேசையைக் காண்பது அரிது. பென்சில் சீவ, சணற்கயிறு அறுக்க, தபாலில் வந்த கட்டுகளைப் பிரிக்க, மாலையில் யாரோ கொண்டுவந்த கொய்யாப்பழத்தைப் பங்கிட. நானும் வைத்திருந்தேன். 1983 ஜூலைக்குப் பின் அதை மேசை லாச்சியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்துக் கொட்டும்போது குறிப்புப் புத்தகத்துக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில் மூன்று அங்குல அலகு ஒன்று விழுந்தால், அதற்கு விளக்கம் சொல்லவேண்டியவனின் அடையாள அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விளக்கம் எடுபடும். எனக்குத் தெரிந்த பலர் அப்படித்தான் கத்தியைக் கைவிட்டார்கள். எவரும் உத்தரவு போடவில்லை. பென்சிலை அரைச் சவர அலகால் சீவிக்கொண்டோம். 2009க்குப் பின் சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின, பழக்கம் போகவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து, மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிசார் மக்களைக் கேட்டார்கள். வீட்டுப் பாவனைக் கத்திகளுக்கு விலக்கு இருந்தது. ஆனாலும் எங்கள் தொடர்மாடியில் ஒரு முதியவர் தேங்காய் வெட்டும் கத்தியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, இது பெரியதா சிறியதா என்று வீடுவீடாகக் கேட்டுத் திரிந்தார்.

எங்கள் ஐயாவிடம் ஒரு றொஜேர்ஸ் வில்லுக்கத்தி இருந்தது. ஷெபீல்டில் செய்தது. அலகின் அடியில் நட்சத்திரமும் சிலுவையும் பொறித்திருக்கும். 1822இல் இங்கிலாந்து அரசரின் அங்கீகாரம் பெற்ற கம்பனி அது. அந்த ஆண்டை ஞாபகப்படுத்த 1822 அலகுகள் கொண்ட கத்தி ஒன்றைச் செய்து காட்சிக்கு வைத்தவர்கள். ஐயாவின் கத்திக்கு ஓர் அலகுதான். புகையிலைத் தோட்டக்காரர் அவர். புகையிலை நறுக்குவதும், வடலி ஓலை கிழிப்பதும், பிள்ளைகளின் காலில் முள் எடுப்பதும் எல்லாம் அதனால்தான். கிணற்றடிக் கல்லில் தீட்டித் தீட்டி அலகு பாதி அகலத்துக்கு வந்துவிட்டது. ஒரு தோட்டக்காரருக்கு அந்தக் காலத்தில் ஷெபீல்ட் கத்தி மலிவான பொருள் அல்ல. அதை அவர் ஏன் வாங்கினார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐயாவுக்குப் பின் கத்தி ஊரிலிருந்த தம்பியிடம் போனது. தம்பி அதை மூத்த மகனிடம் கொடுத்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்தபோது பதினாறு வயதுப் பையன் அதைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருக்கிறான். அடுத்த ஆண்டு சனங்கள் ஊருக்குத் திரும்பியபோது, வழியில் சோதனை இருக்கும் என்று கேள்விப்பட்ட அவன் தாயார், கொடிகாமத்தில் தங்கியிருந்த வீட்டுக் கிணற்றுக்குள் அதைப் போட்டுவிட்டார். வேறென்ன செய்ய முடியும்? அந்த வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்த எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். கத்தி போனது எனக்குத் தெரியும். அது போட்ட சத்தம் அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பது இந்தமுறை பேசும்போதுதான் தெரிந்தது.

அவன் 1999இல் கனடாவுக்குப் போனான். இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, பகலில் படித்து, இரண்டு தங்கைகளின் கலியாணத்தையும் தகப்பனின் வைத்தியச் செலவையும் பார்த்தவன். தனக்கென்று என்ன வாங்கினாய் என்று கேட்டால் குளிர்காலச் சப்பாத்து என்பான். மூன்று கத்தி தொலைத்தான் என்று மனைவி சொன்னாளே, மூன்றும் கம்பனி கொடுத்தவை, அலகு மாற்றிப் போடுகின்ற வேலைக் கத்திகள். மின்கம்பியின் உறையை உரிக்க அவையே போதும். சொல்லப்போனால் அவையே பொருத்தம். ஆகத் தொழிலுக்கும் இந்தக் கத்தி தேவையில்லை.

நான் ஒரு சமரசம் முன்வைத்தேன். முதலில் இருபது டொலருக்கு ஒபினெல் ஒன்று வாங்கு, குளிர்நாட்டில் மரம் அவ்வளவு ஊதாது. ஒரு வருடம் தினமும் பாவி, நீயே கூராக்கப் பழகு. அதன் பிறகும் ஆசை இருந்தால் மற்றதை வாங்கு.

"பெரியப்பா, நான் இதை நினைச்சுக்கொண்டிருக்கிறது பதினொரு வருசமா" என்றான். ஒபினெல் அவனிடம் ஏற்கனவே இரண்டு இருக்கிறதாம். வைரக்கல்லும் இருக்கிறதாம். பழைய கத்திகளை அயலவர்களுக்குத் தீட்டிக் கொடுக்கிறானாம். பிறகு, கேட்காமலே சொன்னான்: "இஞ்ச காற்சட்டையில கொழுவிக்கொண்டு போறன். ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை."

பதினொரு வருடம் ஒரு பொருளை நினைத்துக்கொண்டிருப்பவனிடம் கரட் வெட்டுகின்ற கணக்கைச் சொல்லிப் பயனில்லை. கூராக்கத் தெரிந்தவன் கையில் அந்த உருக்கும் வீணாகாது. வாங்கு என்று சொன்னேன். வெட்டுகின்ற கருவி என்ற வகையில் அந்த விலைக்குப் பெறுமதி இல்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்; இரண்டையும் மனைவி கேட்கும்படியாக.

அவள் ஒரு நிபந்தனை விதித்தாள். கண்ணாடி அலுமாரிக்குள் போகக்கூடாது. வாங்கிய அன்றே சமையலறைக்கு வந்து ஒரு வெங்காயமாவது வெட்டவேண்டும். முதல் கீறலைத் தானே போட்டுவிட்டால் பிறகு அவருக்குப் பயம் இருக்காது என்றும் சொன்னாள். தைத்தேனியத்தில் கீறல் இலகுவில் விழும் என்று நான் உறுதியளித்தேன்.

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள். உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டான். ஒரு விக்டோரினொக்ஸ் போதும் என்றேன். பூட்டு வேண்டாம், இரண்டு அலகுக்கு மேல் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற வராமல் பெரிய பெட்டிக்குள் போடும்படியும் சொல்லியிருக்கிறேன்.